பச்சையை நீக்குதல்

எட்டு யார் பச்சைத் துணி.
ஹட்டன் மெயின் வீதியில் அளந்து கிழித்தவர் கேட்டார்:
"எலெக்சன் வருதா தம்பி?"
தேவாலயம் கட்டப் போகிறேன் என்றால் நம்பமாட்டார்.
போட்டோவுக்கு என்றேன்.
மிச்சச் சல்லிக்கு டொபி தந்தார்.

ஸ்டூடியோ என்பது ஹார்ட்வெயார் கடைக்கு மேல் ஓர் அறை.
கீழே ரிஸ்வான் குழாய் அறுக்கும்போது
மேலே ட்ரைபொட் நடுங்கும்.
துணியைச் சுவரில் இழுத்து ஆணியடித்தேன்.
சுருக்கத்துக்கு இஸ்திரிப்பெட்டி,
அது போதாத இடத்தில் உள்ளங்கை.
ஒரு மடிப்பு விழுந்தாலும்
கணினி அதை வேறு பச்சை என்றுவிடும்.

யன்னலுக்கு வெளியே மலை மலையாய்
வேறு வேறு பச்சை.
நான் இந்த ஒன்றை நேராக்கிக்கொண்டிருந்தேன்.

துஷ்யந்தினி பதினொரு மணி பஸ்ஸில் வந்தாள்.
ஞாயிறு, பெரட்டு இல்லை.
கறுப்பு அங்கி, டிவிசன் பள்ளிக்கூட நாடகத்தில்
எமனுக்குத் தைத்தது, இரவல்,
தோளில் பூச்சி உருண்டை வாசம்.
பவுடரை எடுத்ததும் கேட்டாள்:
"வெள்ளையா ஆக்கப் போறீங்களா அண்ணே, செத்தவளாவா?"
"செத்தவளா."
"அப்ப சரி.
கலியாணப் போட்டோவுல வெள்ளையாக்கித்தான் கெடுத்துடுறாங்க."

உதட்டுக்குக் கறுப்பு.
கண்ணைச் சுற்றி
இரண்டு இரவு தூங்காத சாம்பல்.
நகத்துக்கும் கறுப்பு வேண்டும், கோதிக் என்றால் சட்டம் அது.
கையை வாங்கிப் பார்த்தேன்:
விரல்நுனிகள் ஏற்கனவே கறுப்பு.
கொழுந்துச் சாயம், ரேகைக்குள் இறங்கி,
எந்தச் சவர்க்காரத்துக்கும் அசையாதது.
நகத்துக்கு மட்டும்தான் தூரிகை தேவைப்பட்டது.

"எதையோ பறிகொடுத்தவ மாதிரி நில்லு" என்றேன்.
"எத?" என்றாள்.
எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
அதற்குள் அவள் நின்றுவிட்டிருந்தாள்.

இரண்டு மணிக்கு மூட்டம் யன்னலேறி உள்ளே வந்தது.
துணியில் பாதி சாம்பலாயிற்று.
ஓடிப்போய் அடித்துச் சாத்தினேன்,
இடுக்கில் பத்திரிகை திணித்தேன், ஏசினேன்.
ஒரு மணிநேரம் கழித்து
அதே யன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து
'மூடுபனி 07' என்ற கோப்பைத் திறந்து
அவள் பாதத்தில் கொஞ்சம் ஊற்றினேன்.

பச்சையைத் தொட்டு, நீக்கு என்றேன்.
போனது.
எந்த நாடென்று தெரியாத தேவாலயம்
அவள் பின்னால் எழுந்தது:
கூர்நுனி வளைவுகள், உடைந்த வட்டச் சாளரம்,
இரண்டு காகம், ஒரு முழு நிலா.
தாடையோரம் பாசிபோல் பச்சை கசிந்திருந்தது,
துடைத்தேன்.
கதிரையை இழுத்துப் போட்டுப் பார்த்தாள்.
"கூரையக் காணோமே?"
"அது அப்பிடித்தான். இடிஞ்சு போனது."
"இவங்களுக்கும் தகரம் வந்து சேரலையா?"

பிறகுதான் கண்டேன், மூக்கில் ஓர் ஓட்டை.
மூக்குத்திக் கல் பச்சை.
நான் கவனிக்கவில்லை, கணினி கவனித்திருக்கிறது.
பெருப்பித்தேன், இன்னும் பெருப்பித்தேன்:
கல் இருந்த இடத்தில்
ஊசிமுனையளவு நிலா, அவளை ஊடுருவி.

அடைத்துவிடலாம், இரண்டு நிமிட வேலை.
"விடுங்கண்ணே.
அது கண்ணாடிக் கல்லுதான்.
நெசக் கல்லு அடகுல இருக்கு."

பெரிதாய் ஒரு பிரிண்ட் கேட்டாள், லெமினேட் பண்ணி.
"எங்க மாட்டுவ?"
"வாசலுக்கு நேரா. புதன்கிழமை
லோன்காரன் வருவான்."

ஐந்தரை பஸ்ஸுக்கு முகம் கழுவாமலே இறங்கினாள்.
கீழே குழாய் அறுக்கும் சத்தம் நின்றது.
அங்கி படிப்படியாய் இழுபட்டுப் போவது கேட்டது,
பிறகு மறுபடி ரிஸ்வான், கொஞ்சம் தாமதித்து.

துணியைக் கழற்றும்போது
இடுப்பு உயரத்தில் காயாத நகப்பூச்சு,
ஐந்து கறுப்புக் கீற்று.
எப்போதோ கையூன்றி இளைப்பாறியிருக்கிறாள்.
பெற்றோல் தொட்டுத் தேய்த்தேன், போகவில்லை.
அடுத்த ஞாயிறு ஒரு பிறந்தநாள் பிள்ளை வருகிறது,
பின்னால் அதற்குக் கடல் வேண்டுமாம்.
துணியைத் தலைகீழாக அடிக்க வேண்டும்.